கவுண்ட் சொல்லாமல் ரேட் பேச முடியாது: ஐஸ் ஹாக்கி ஜாம்பவான்களைக் காலம் கடந்து ஒப்பிடும் முறை

திருப்பூரில் நூல் வாங்கப் போகிறவர் கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்டால் பதில் வராது. என்ன கவுண்ட் (நூலின் மென்மையைக் காட்டும் எண்), கோம்டா கார்டடா என்ற கேள்விதான் திரும்பி வரும். 20ஆம் கவுண்ட் விலையையும் 40ஆம் கவுண்ட் விலையையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று அங்கே யாரும் பேசுவதில்லை. ஐஸ் ஹாக்கியில் மட்டும் அந்தத் தப்பு தினமும் நடக்கிறது.

"ஏனுங்க மாமா, கிரெட்ஸ்கி ஒரே சீசன்ல 92 கோல் அடிச்சிருக்காருங்க. ஒவெச்கின் அதிகபட்சமே 65 தானுங்க. அப்புறம் அவரெப்படிங்க பெரிய கோல்காரரு?"

"92 சரி மாப்ள. அது எந்த வருசத்து 92?"

அந்த மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. கனடாவின் வேய்ன் கிரெட்ஸ்கி 92 அடித்த 1981-82 சீசனில், வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆட்டம் ஒன்றில் இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக 8 கோல் போட்டன. ரஷ்யாவின் அலெக்ஸ் ஒவெச்கின் 65 அடித்த 2007-08ல் அது ஏறக்குறைய 5.4 தான். கோல் மலிந்து கிடந்த காலத்தையும் கோலுக்குத் தவம் கிடந்த காலத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி, அந்தத் தராசு எங்கெங்கே பொய் சொல்லும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் குளிர்கால மாலை 7 மணி ஆட்டம் நமக்குக் காலை ஐந்தரைக்கு ஓடும். டீயோடு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். போனில் ஷீட் போடத் தெரிந்தால் இன்னும் சுளுவு.

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"யார் பெரியவர்" என்பது ஒரு கேள்வியாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. உச்சத்தில் யார் பெரியவர் என்பது ஒன்று. அதற்கு ஆட்டக்காரரின் மிகச் சிறந்த மூன்று சீசன்களை எடுங்கள். நல்ல காலம் முழுக்க யார் என்பது இன்னொன்று. அதற்கு ஏழு சீசன். மொத்த வாழ்க்கையில் யார் என்பது மூன்றாவது. பாபி ஓர் முழங்கால் கெட்டுப்போய் 657 ஆட்டத்தோடு நின்றார். கார்டி ஹோவ் 1946ல் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் விட்டு, 1980 வரைக்கும் என்.எச்.எல்.லில் மட்டும் 1,767 ஆட்டம் ஆடினார். கடைசி சீசனில் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒருவர் பாபி ஓரை உச்சத்துக்காகவும் இன்னொருவர் ஹோவை மொத்தத்துக்காகவும் தூக்கிப் பிடித்தால், விடிய விடியப் பேசினாலும் முடியாது. எந்தக் கேள்வி என்பதை நோட்டின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. 1953ஆம் வருடத்து ஹோவை அப்படியே தூக்கி வந்து இன்றைய ஐஸில் விட்டால் என்ன ஆவார் என்று கேட்பது வேறு. அவர் இந்தக் காலத்தில் பிறந்து, இந்தப் பயிற்சியும் சாப்பாடும் கிடைத்து வளர்ந்திருந்தால் என்ன ஆவார் என்று கேட்பது வேறு. முதல் கேள்விக்கு எப்போதும் இன்றைய ஆளே ஜெயிப்பார். அது ஒப்பீடே இல்லை. மரக்கட்டை ஸ்டிக்கும் தோல் பேடுமாக ஆடியவரைக் காம்போசிட் ஸ்டிக்காரரோடு மோதவிடுவது அநியாயம். ரேக்ளாவில்கூட பல்லைப் பார்த்துத்தான் காளையைப் பிரிவில் சேர்ப்பார்கள். 200 மீட்டர் ஓடிய காளையின் நேரத்தை 300 மீட்டர் ஓடிய காளையின் நேரத்தோடு யாரும் வைத்துப் பேசுவதில்லை. நாம் அளப்பது, தன் காலத்து ஆட்களைவிட ஒருவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதை.

நோட்டில் போட வேண்டிய கட்டங்கள்

ஒரு சீசனுக்கு ஒரு வரி. அதில் ஆறு கட்டம்: சீசன், அந்த ஆண்டு ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம், ஆட்டக்காரர் ஆடியது எத்தனை, கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்து கொடுத்த பாஸ்), அந்த ஆண்டின் லீக் சராசரி.

இரண்டாவது கட்டத்தை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். சீசனின் நீளம் அடிக்கடி மாறியிருக்கிறது. 1940களின் நடுவில் 50 ஆட்டம், பிறகு 60, 1949-50 முதல் 70, 1970களின் தொடக்கத்தில் 78, 1974-75 முதல் 80, 1992-93லும் அடுத்த சீசனிலும் 84, 1995-96 முதல் 82. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான தகராறால் 1994-95லும் 2012-13லும் 48 தான் நடந்தது. 2004-05 சீசன் நடக்கவே இல்லை.

கடைசிக் கட்டத்தில் ஒரு குழி இருக்கிறது. சில இடங்களில் சராசரியை ஓர் அணிக்கு என்று 3.1 போல எழுதியிருப்பார்கள். சில இடங்களில் இரண்டு அணியும் சேர்த்து 6.2 போல. ஒரு சீசனுக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் எடுத்தால் விடை இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வரும். இங்கே எல்லாமே இரண்டு அணியும் சேர்த்த கணக்கு.

இப்போது கணக்கு. ஒரு பொது அளவு வேண்டும்: ஆட்டத்துக்கு 6 கோல், சீசனுக்கு 82 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரரின் கோலை அவர் ஆடிய ஆட்டத்தால் வகுத்து, 6ஆல் பெருக்கி, அந்த ஆண்டின் லீக் சராசரியால் வகுத்து, 82ஆல் பெருக்க வேண்டும்.

மூன்று பேரைப் போட்டுப் பார்ப்போம். கிரெட்ஸ்கி, 1981-82: 80 ஆட்டத்தில் 92, ஆட்டத்துக்கு 1.15. அதை 6ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 0.8625. 82 ஆட்டத்துக்கு 71. ஒவெச்கின், 2007-08: 82 ஆட்டத்தில் 65, ஆட்டத்துக்கு 0.793. சராசரி 5.4 என்று போட்டால் 72. கார்டி ஹோவ், 1952-53: 70 ஆட்டத்தில் 49, அதாவது 0.70. அந்த ஆண்டின் சராசரி 4.8. விடை மறுபடியும் 72.

நோட்டில் 92, 65, 49 என்று எங்கோ எங்கோ நின்ற மூன்று எண்கள் 71, 72, 72 என்று ஒரே வரப்பில் வந்து நிற்கின்றன. முதல் தடவை போட்டுப் பார்ப்பவர்கள் கணக்கைத் திரும்பப் போடுவார்கள். திரும்பப் போட்டாலும் அதேதான் வரும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. 72 பெரியது, 71 சிறியது என்று கிரெட்ஸ்கியைக் கீழே இறக்கிவிடாதீர்கள். 2005-06 முதல் சமன் ஆன ஆட்டங்கள் ஷூட்அவுட்டில் (ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிப்பது) முடிகின்றன. ஷூட்அவுட்டில் ஜெயித்த அணிக்கு ஒரு கோல் சேர்த்து எழுதுவார்கள், ஆனால் அது எந்த ஆட்டக்காரர் கணக்கிலும் ஏறாது. அந்தக் கோல்களையும் சேர்த்துப் போட்ட பட்டியலை எடுத்தால் 2007-08 சராசரி 5.4க்குப் பதில் 5.6 ஆகும். ஒவெச்கின் 72லிருந்து 70க்கு இறங்கி கிரெட்ஸ்கிக்குப் பின்னால் போய்விடுவார். எந்தப் பட்டியலை எடுத்தோம் என்பதிலேயே முதலிடம் மாறுகிறது என்றால், அந்த இரண்டு கோல் வித்தியாசத்துக்கு மதிப்பே கிடையாது. ஐந்து கோலுக்குள் நிற்பவர்களைச் சமம் என்றே எழுதுங்கள்.

தராசு எங்கே பொய் சொல்லும்

ஆட்டக்காரரின் கோல்களும் அந்த லீக் சராசரிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பெரிய லீக்கில் இது கண்ணுக்குத் தெரியாது, சின்ன லீக்கில் தெரியும். ஹோவ் காலத்தில் ஆறே அணி, சீசன் முழுக்க 210 ஆட்டம். அவருடைய 49 கோலைக் கழித்துவிட்டுச் சராசரி எடுத்தால் 4.8 என்பது 4.57 ஆகும், அவர் 72லிருந்து 75க்கு ஏறுவார். கிரெட்ஸ்கிக்கு 840 ஆட்டம், ஒவெச்கினுக்கு 1,230. அவர்கள் ஒரு கோல் அளவுக்குத்தான் நகர்வார்கள். 1967க்கு முந்தைய யாரைப் போட்டாலும் இந்தக் கழித்தலைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது பெஞ்சின் நீளம். என்.எச்.எல்.லின் முதல் சீசனான 1917-18ல் ஜோ மலோன் 20 ஆட்டத்தில் 44 கோல் அடித்தார். அந்த ஆண்டு சராசரி ஏறக்குறைய 9.5. நம் கணக்கில் போட்டால் அவர் 114 கோல் அடித்தவராக வருவார். யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டாம். அன்று ஓர் அணியில் மாற்று ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். முன்னணி ஆட்டக்காரர் கிட்டத்தட்ட அறுபது நிமிடமும் ஐஸிலேயே நிற்பார். இன்று ஓர் ஆட்டத்துக்குக் கோல்கீப்பர் தவிர 18 ஸ்கேட்டர்கள் இறங்குகிறார்கள், ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடத்தில் மேலே வந்துவிடுகிறார்கள். அணியின் கோலில் ஒரே ஆளுக்குக் கிடைக்கும் பங்கு அன்று மிகப் பெரிது. லீக் சராசரி அந்தப் பங்கைத் திருத்தாது. ஆகவே 1930க்கு முந்தைய ஆட்டக்காரர்களை இந்தச் சூத்திரத்தில் போடவே போடாதீர்கள். அவர்களை அவர்கள் காலத்து ஆட்களோடு மட்டும் நிறுத்துங்கள்.

1930 என்று கோடு போட இன்னொரு காரணமும் உண்டு. 1929-30 சீசனில்தான் எதிரணிப் பகுதிக்குள்ளும் முன்னோக்கி பாஸ் கொடுக்க அனுமதி வந்தது. அதற்கு முந்தைய சீசனில் 2.9 ஆக இருந்த சராசரி ஒரே ஆண்டில் இரண்டு மடங்கானது. விதி மாறிய ஆண்டுகளை நோட்டின் ஓரத்தில் குறித்து வைப்பது நல்லது. 1943-44ல் நடுக்கோடு வந்தது, ஆட்டம் வேகம் பிடித்தது. 1956-57 முதல் மைனர் பெனால்டியின்போது (தப்பு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை) எதிரணி கோல் போட்டால் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தவர் வெளியே வரலாம் என்றானது; அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் முழுக்க உட்கார வேண்டும், மான்ட்ரியால் அணி அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று கோல்கூடப் போட்டுக்கொண்டிருந்தது. 2005-06ல் இரண்டு கோடு தாண்டிய பாஸுக்கு இருந்த தடை போனது. அதே ஆண்டு நடுவர்கள் பெனால்டியை அள்ளிக் கொடுத்தார்கள்: ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆறு பவர் பிளே (எதிரணி ஆள் குறைந்து நிற்கும் நேரம்) அளவுக்குக் கிடைத்தது, பத்து ஆண்டு கழித்து அது மூன்றாகக் குறைந்தது. பவர் பிளேயில் வாழ்ந்த ஆட்டக்காரர் என்றால் சம எண்ணிக்கையில் ஆடியபோது அடித்த கோலைத் தனியாக எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

போர்க்காலமும் ஒரு குழி. மாரிஸ் ரிஷார் 1944-45ல் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்தார். சராசரி 7.35, விடை 67. கணக்கு சரிதான், ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்தில் இருந்த ஆண்டு அது. இதற்குச் சூத்திரம் கிடையாது. அவருடைய போருக்குப் பிந்தைய சீசன்களையும் பக்கத்தில் எழுதினால் போதும். அவர் அப்போதும் கோல் பட்டியலின் தலையிலேயே நின்றவர் என்பது தெரிந்துவிடும்.

பாயிண்ட் ஒப்பிடும்போது

கோலோடு அசிஸ்ட்டையும் சேர்த்தால் இதே கணக்குதான், ஒரே ஓர் எச்சரிக்கையோடு. இன்று ஒரு கோலுக்குச் சராசரியாக 1.7 அசிஸ்ட் எழுதப்படுகிறது. 1920களில் அது ஒன்றுக்கும் கீழே. அந்தக் காலத்து ஆட்களைப் பாயிண்டில் வைத்து எடைபோட்டால் அடிபட்டுப் போவார்கள்.

கிரெட்ஸ்கியின் 1985-86: 80 ஆட்டத்தில் 52 கோல், 163 அசிஸ்ட், 215 பாயிண்ட். சராசரி 7.9. திருத்திய பிறகு 167. கானர் மெக்டேவிட்டின் 2022-23: 82 ஆட்டத்தில் 153, சராசரி 6.3, விடை 146. ஹோவின் 1952-53: 95 பாயிண்ட், விடை 139. கோலில் சமமாக நின்றவர்கள் பாயிண்டில் பிரிந்துவிட்டார்கள். எண்பதுகளின் மலிவையெல்லாம் கழித்த பிறகும் கிரெட்ஸ்கி இருபது பாயிண்ட் மேலே நிற்கிறார். அவருடைய கோல்கள் அத்தனையையும் அழித்துவிட்டாலும் மிச்சமிருக்கும் 1,963 அசிஸ்ட், பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் யரோமிர் யாகரின் மொத்தப் பாயிண்டான 1,921ஐவிட அதிகம். "அந்தக் காலத்தில் எல்லாரும் அடிச்சாங்க" என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது. எல்லாரும் அடித்த காலத்தில் அந்த எல்லாரையும்விட இவர் அடித்த தூரம்தான் கேள்வி.

மாரியோ லெமியூவைச் சேர்த்தால் இன்னொரு முடிவு எடுக்க வேண்டி வரும். 1992-93ல் ஹாட்ஜ்கின் நோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டே 60 ஆட்டத்தில் 160 பாயிண்ட் எடுத்தார். ஆட்டத்துக்கு 2.67. சராசரி 7.25க்குத் திருத்தினால் 2.21. கிரெட்ஸ்கியின் மேலே சொன்ன சீசனே 2.04 தான். ஆனால் அந்த ஆண்டு அணி ஆடியது 84 ஆட்டம், அவர் 24ல் இல்லை. 82ஆல் பெருக்குவதா, அவர் உண்மையில் ஆடிய பங்கால் பெருக்குவதா? ஆட்டத்துக்கு எவ்வளவு என்பதை ஒரு கட்டத்திலும், உண்மையில் அணிக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். ஐஸில் நிற்கும் நேரத்தில் லெமியூ கிரெட்ஸ்கிக்குச் சமம் அல்லது மேல். ஆனால் நின்ற நேரம் குறைவு. இரண்டுமே உண்மை.

பக்கத்து ஆளைவிட எவ்வளவு தூரம்

சூத்திரத்தை மட்டும் நம்பாமல் இரண்டாவது அளவு ஒன்றும் வேண்டும்: அதே ஆண்டில் அடுத்து வந்தவரைவிட எத்தனை மடங்கு. 1981-82ல் கிரெட்ஸ்கி 92, அடுத்தவர் மைக் பாஸி 64, 1.44 மடங்கு. 2007-08ல் ஒவெச்கின் 65, இல்யா கோவல்சுக் 52, 1.25. 1952-53ல் ஹோவ் 49, டெட் லிண்ட்சே 32, 1.53.

இதிலும் இரண்டு ஓட்டை. லிண்ட்சே ஹோவின் லைனிலேயே, அதாவது ஒன்றாக இறங்கும் முன்னணி மூவரில் ஒருவராக ஆடியவர். பாயிண்டில் பார்த்தால் ஹோவ் 95, லிண்ட்சே 71. அந்த 71ல் ஹோவின் உழைப்பும் கலந்திருக்கிறது. அதே அணிக்காரரை விட்டுவிட்டு அடுத்த அணி ஆளைப் பிடித்தால் ரிஷாரின் 61 வரும், இடைவெளி 1.56 மடங்காக விரியும். மெக்டேவிட்டின் 153க்கு அடுத்து அதே எட்மன்டன் அணியின் லியோன் டிராய்சைட்டல் 128. அவரை விட்டுவிட்டால் அடுத்து 113. 1.2 மடங்கு என்பது 1.35 ஆகிறது. ஒரே அணிக்காரரை எப்போதும் தாண்டிப் போங்கள்.

இரண்டாவது ஓட்டை லீக்கின் அளவு. ஆறு அணியில் அடுத்த ஆளும் முப்பது அணியில் அடுத்த ஆளும் ஒன்றல்ல. கூட்டம் பெருகப் பெருக உச்சியில் நெருக்கம் கூடும். ஒரு கிராமத்தில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இருக்கும் இடைவெளி மாவட்ட அளவில் இருக்காது. அணிக்கு இரண்டு பேர் என்று வைத்து, ஆறு அணிக் காலத்தில் பட்டியலின் 12ஆவது ஆள், 21 அணி இருந்த எண்பதுகளில் 42ஆவது ஆள், 30 அணிக்கு 60ஆவது ஆள், இன்றைய 32 அணிக்கு 64ஆவது ஆள் என்று அந்த ஆளோடு ஒப்பிட்டால் நெருக்கடி ஓரளவு சமனாகும்.

ஓரளவுதான், ஏனென்றால் ஆட்கள் வந்த ஊர்களும் மாறிவிட்டன. ஹோவ் காலத்து லீக்கில் கிட்டத்தட்ட எல்லாருமே கனடாக்காரர்கள். 1973ல் ஸ்வீடனிலிருந்து பெர்யே சால்மிங் டொரன்டோவுக்கு வந்து நின்ற பிறகு ஐரோப்பியக் கதவு திறந்தது. 1989ல் சோவியத் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இன்று கனடாக்காரர்கள் பாதிக்கும் குறைவு. இன்றைய உச்சியில் நிற்பது கடினம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1967ல் அணிகள் ஆறிலிருந்து ஒரே நாளில் பன்னிரண்டானபோது தரம் நீர்த்தது என்பதும் உண்மை. எழுபதுகளின் தொடக்கத்து எண்களைப் பார்க்கும்போது பழைய ஆறு அணிகளுக்கு எதிராக அடித்ததைத் தனியே பிரித்துப் பாருங்கள். அதில் உயரம் குறையாமல் நிற்பவரை நம்பலாம்.

கோலிக்குத் தனி நோட்டு

ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் ஒரே குவியலில் கொட்டி ஏலம் விடமாட்டார்கள். கோலியும் (வலையைக் காக்கும் கோல்கீப்பர்) அப்படித்தான், முன்னணி ஆட்டக்காரரோடு ஒரே பட்டியலில் சேராது.

கோலிக்குச் சேவ் சதவீதத்தை (வந்த ஷாட்டில் தடுத்த பங்கு) நேராக ஒப்பிடக் கூடாது. விட்ட பங்கைத்தான் ஒப்பிட வேண்டும். டொமினிக் ஹாஷெக் 1998-99ல் .937. அதாவது நூறு ஷாட்டில் 6.3 உள்ளே போனது. அந்த ஆண்டு லீக் சராசரி .908, அதாவது 9.2. 6.3ஐ 9.2ஆல் வகுத்தால் 0.68, மற்றவர்கள் நூறு கோல் விட்ட இடத்தில் இவர் 68 தான் விட்டார். பாட்ரிக் ருவா 1989-90ல் .912, அப்போதைய சராசரி .880 அளவு. 8.8ஐ 12ஆல் வகுத்தால் 0.73. அதே .912ஐ 2014-15ல் யாராவது எடுத்திருந்தால் லீக் சராசரிக்குக் கீழே இருந்திருப்பார். பேடு பெரிதானது, முட்டி மடக்கி அடிப்பகுதியை அடைக்கும் பாணி பரவியது, எல்லார் எண்ணும் ஏறியது.

1950களின் நடுவுக்கு முன்னால் ஷாட் கணக்கே ஒழுங்காகக் கிடையாது. அப்போது ஆட்டத்துக்கு விட்ட கோலும் ஷட்அவுட்டும்தான் (ஒரு கோல்கூட விடாத ஆட்டம்) கையில் இருக்கும், அவை கோலியைவிட அணியையும் விதியையும் அதிகம் காட்டும். ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் 1928-29ல் 44 ஆட்டத்தில் 22 ஷட்அவுட், ஆட்டத்துக்கு 0.92 கோல். பாஸ் விதி மாறிய அடுத்த சீசனில் அதே மனிதர் ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல் விட்டார். அவர் ஆட்டம் ஒரே ஆண்டில் பாதியாகவா போனது? மார்ட்டின் புரோடரின் 125 ஷட்அவுட்டையும் டெர்ரி சாச்சுக்கின் 103ஐயும் வைப்பவர்கள், புரோடர் 1,266 ஆட்டம், சாச்சுக் 971 ஆட்டம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்: சதவீதத்தில் சாச்சுக் கொஞ்சம் மேலே.

டிஃபென்ஸ்

இங்கே எண் பாதி தூரம்தான் வரும். பாபி ஓர் 1970-71ல் 78 ஆட்டத்தில் 139 பாயிண்ட். திருத்தினால் 140 அளவிலேயே நிற்கும். டிஃபென்ஸ்மேனாக இருந்து லீக்கின் பாயிண்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் 1970, 1975 என்று இரண்டு முறை. அதே 1970-71ல் அவருடைய பிளஸ்-மைனஸ் (அவர் ஐஸில் நின்றபோது அணி போட்ட கோலுக்கும் விட்ட கோலுக்கும் உள்ள வித்தியாசம்) +124. இந்த எண்ணைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்த ஆண்டு பாஸ்டன் அணியே 399 கோல் போட்டது, ஐஸில் நின்ற எல்லாருக்குமே பிளஸ் ஏறியது. அதே அணிக்காரர்களின் எண்ணோடு ஒப்பிட்டு, அவர்களைவிட பாபி ஓர் எவ்வளவு மேலே என்பதைத்தான் எழுத வேண்டும்.

டக் ஹார்வி போன்றவர்களுக்கு அதுவும் கிடைக்காது. ஹார்வி பக்கை (பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் வட்டத் தட்டு) தன்னிடம் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தையே கட்டிப்போட்டவர். அதற்கு எந்தக் கட்டமும் இல்லை. அவருக்கு ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை ஏழு, ஓருக்கு எட்டு தொடர்ச்சியாக, நிக்லஸ் லிட்ஸ்ட்ராமுக்கு ஏழு. இந்த மாதிரி இடத்தில் கோப்பைகளை எண்ணத்தான் வேண்டியிருக்கிறது. எண்ணும்போது எந்தக் கோப்பை எப்போது தொடங்கியது என்று பாருங்கள். நாரிஸ் 1954ல்தான் வந்தது. அதற்கு முந்தைய எடி ஷோருக்கு அது இல்லை என்பது குறையல்ல, அவர் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையே நான்கு வாங்கியவர். பிளே ஆஃப் சுற்றின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் 1965ல் தொடங்கியது. வெசினா கோப்பை 1981 வரைக்கும் குறைவாகக் கோல் விட்ட அணியின் கோலிக்குத் தானாகப் போனது, அதன் பிறகுதான் ஓட்டெடுப்பு. ஆகவே எழுபதுகளின் வெசினாவும் தொண்ணூறுகளின் வெசினாவும் பெயரில் மட்டுமே ஒன்று. லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் இதே கதைதான்: ஆறு அணியில் இரண்டு சுற்று, எட்டு வெற்றி; இன்று 32 அணியில் நான்கு சுற்று, பதினாறு வெற்றி. ஆன்ரி ரிஷாரின் 11 கோப்பையை இன்று யாராலும் தொட முடியாது. அதை வைத்து அவரை கிரெட்ஸ்கிக்கு மேலே வைக்கவும் முடியாது.

என்.எச்.எல். பக்கமே வராதவர்கள்

விளாடிஸ்லாவ் டிரெட்யாக், வலேரி கார்லமோவ் இருவரும் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சோவியத் லீக் எண்களைச் சூத்திரத்தில் போடாதீர்கள், அங்கே பெரும்பாலான நல்ல ஆட்கள் ஒரே ராணுவ அணியில் இருந்தார்கள். நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களை மட்டும் எடுங்கள். 1972 தொடரில் எட்டு ஆட்டம்: கனடா 4, சோவியத் 3, ஒன்று சமன். 1975 டிசம்பர் 31ல் மான்ட்ரியாலுக்கும் ராணுவ அணிக்கும் நடந்த ஆட்டம் 3-3. மான்ட்ரியால் 38 ஷாட் அடித்தது, எதிரணி 13 தான். 35ஐ டிரெட்யாக் தடுத்தார். எண்ணிக்கை குறைவு என்பதால் இவர்களுக்கு வரிசை எண் போடாமல், எந்த மட்டத்து ஆள் என்று மட்டும் எழுதுவது நேர்மை. அந்த மட்டத்தில் டிரெட்யாக் முதல் பத்துக் கோலிகளுக்குள் வருவார் என்பதே எங்கள் தீர்ப்பு.

கண்ணால் பார்ப்பது கடைசியில்

பழைய வீடியோவைக் கணக்கு முடிந்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். அதில் எல்லாமே மெதுவாகத் தெரியும். ஒரு தடவை இறங்கினால் இரண்டு நிமிடம் நின்றார்கள், அதற்கேற்ப மூச்சைச் சேமித்தார்கள். 1959 நவம்பர் 1ல் ஜாக் பிளாண்ட் முகத்தில் அடிபட்டு, தையல் போட்டுத் திரும்பி வந்து மாஸ்க் மாட்டிக்கொள்ளும் வரை கோலிகள் வெறும் முகத்தோடு நின்றார்கள். எதற்குத் தரையில் விழாமல் நின்றபடியே தடுத்தார்கள் என்பது அப்போது புரியும். பார்க்கும்போது பக்கை விடுங்கள், நீங்கள் எடைபோடும் ஆளை மட்டும் மூன்று ஷிஃப்ட் முழுக்கப் பாருங்கள். அவரைப் பார்த்து எதிரணி எத்தனை பேரை நகர்த்துகிறது என்று எண்ணுங்கள். கிரெட்ஸ்கி வலைக்குப் பின்னால் பக்கோடு நிற்கையில் டிஃபென்ஸ்மேன் இருவரும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பது தெளிவாகத் தெரியும். கோலிக்கோ தலையைப் பின்னால் திருப்பினால் முன்னால் வருபவர் தெரியமாட்டார்.

இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஒன்று. ஒவெச்கின் 2025 ஏப்ரல் 6ல் 895ஆவது கோலை அடித்து கிரெட்ஸ்கியின் 894ஐத் தாண்டினார். அது அவருடைய 1,487ஆவது ஆட்டம்; கிரெட்ஸ்கி மொத்தமாக ஆடியதும் அதே 1,487 தான். ஆட்ட எண்ணிக்கையைத் திருத்தவே வேண்டாம், சராசரியை மட்டும் சீசன் சீசனாகத் திருத்தினால் போதும் என்பதால் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது. போடும்போது காலி வலையில் அடித்த கோலைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அந்தச் சாதனை முன்பு கிரெட்ஸ்கியிடம் 56 ஆக இருந்தது, அதையும் ஒவெச்கின் தாண்டிவிட்டார்.

நடப்பு சீசன் வரியைப் பென்சிலில் எழுதுங்கள். இருபது ஆட்டத்தில் இருபது கோல் அடித்தவரை 82க்குப் பெருக்கிச் சாதனை என்று எழுதினால் பெரும்பாலும் அழிக்க வேண்டி வரும். லீக் சராசரியும் அப்போது பாதி வழியில்தான் இருக்கும். ஏப்ரல் நடுவில் லீக் ஆட்டங்கள் முடிந்து, ஷூட்அவுட் கோலைக் கழித்த சராசரி கிடைத்த பிறகு பேனாவை எடுங்கள்.